பித்துத் தொட்டி

மாகாளி தன் மனைவி நாகமணியை வெட்ட அரிவாளோடு துரத்திக்கொண்டு ஓடிவந்து, கால் வழுக்கிப் பித்துத் தொட்டிக்குள் விழுந்த அந்தச் செவ்வாய்க்கிழமைக் காலை வரைக்கும், சுள்ளிமேட்டில் ஆண்கள் அடிப்பதும் பெண்கள் அடிவாங்குவதும், மேற்கே ஆனைமலையில் மேகம் இறங்குவதைப் போல, யாரும் நின்று பார்க்காத ஒரு காரியமாகத்தான் இருந்தது. இருநூறு வீடுகள் கொண்ட அந்த ஊரில் உடையாத மூக்கு உள்ள பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வளையல்காரர் வாரம் இரண்டு முறை வருவார். வாங்கிய வளையல் அடுத்த வாரம் வரை கையில் இருக்காது என்பது அவருக்கும் தெரியும், வாங்குகிறவர்களுக்கும் தெரியும்.

தேங்காய் மட்டையை அடித்து மஞ்சி என்கிற நாரை உரித்த பிறகு மிஞ்சுகிற தூளைத்தான் அந்தப் பக்கத்தில் பித்து என்பார்கள். ஊரின் பெரிய தோட்டக்காரர் வெள்ளிங்கிரியின் களத்தில் அந்தப் பித்து பழுப்புக் குன்றுகளாகக் குவிந்து கிடக்கும். களத்துக்குப் பின்னால் அவருடைய பசுமைக்குடில். அதற்குள் நீள நீளமான வெள்ளைப் பைகளில் பித்தை அடைத்து, பையைக் கீறி வெள்ளரி நட்டிருந்தார்கள். மண் என்பதே அங்கே கிடையாது. பித்தும் தண்ணீரும்தான். அந்தத் தண்ணீருக்குப் பொறுப்பு நாகமணி.

பசுமைக்குடில் போட்ட கம்பெனியிலிருந்து வந்த ஆள் இரண்டு நாள் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனதை அவள் ஒன்பது வருடமாகத் தன் கையால் திருத்தித் திருத்திக் கற்றுக்கொண்டிருந்தாள். பித்து லேசுப்பட்ட பொருள் இல்லை. மரத்தில் இருந்தபோது குடித்த உப்பையெல்லாம் உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டிருக்கும், வெறும் தண்ணீரில் ஏழு முறை அலசினாலும் விடாது. கால்சியம் நைட்ரேட்டைக் கரைத்துப் பித்துத் தொட்டியில் ஊற்றி ஒரு நாள் ஊறவிட்டால்தான், சுண்ணாம்புச் சத்து உள்ளே போய் இடம் பிடித்து உட்கார, அங்கே உட்கார்ந்திருந்த உப்பு எழுந்து வெளியே வரும். அதற்கும் தண்ணீரின் பி.எச். சரியாக இருக்கவேண்டும். அந்த ஊர் போர்வெல் தண்ணீர் எட்டு காட்டும். அப்படியே விட்டால் பித்து எதையும் கொடுக்காது, எதையும் வாங்காது, வேருக்குப் பக்கத்திலேயே இரும்புச்சத்து இருந்தும் செடி எடுக்கமுடியாமல் நரம்பு மட்டும் பச்சையாக, இலை மஞ்சளாகி நிற்கும். அதனால் தினமும் காலையில் மீட்டரை, நாலு என்றும் ஏழு என்றும் அளவு எழுதிய இரண்டு பாட்டில் தண்ணீரிலும் முக்கிச் சரிபார்த்துவிட்டு, தண்ணீரில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அஞ்சு பாயிண்ட் எட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்துவாள். பையில் ஊற்றுகிற தண்ணீரை மட்டும் அளந்தால் போதாது, பையிலிருந்து வடிகிற தண்ணீரையும் அளக்கவேண்டும், உள்ளே என்ன நடக்கிறது என்று அதுதான் சொல்லும் என்பாள்.

அன்று காலையும் தொட்டியில் அஞ்சு பாயிண்ட் எட்டு வைத்துவிட்டு, நத்தக்காட்டில் வாழ்க்கைப்பட்டிருந்த தங்கை பரிமளத்தோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். பரிமளம் எதையோ சொல்ல நாகமணி சிரித்துவிட்டாள். களத்தில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த மாகாளி அந்தச் சிரிப்பைக் கேட்டான். அவ்வளவுதான். மூட்டையைப் போட்டுவிட்டு அரிவாளை எடுத்துக்கொண்டு, "எதுத்தா சிரிக்கற? பல்ல எண்ணிக் கையில குடுக்கறேன்டி," என்று கத்திக்கொண்டே துரத்தினான். அவள் தொட்டியின் விளிம்பில் ஓடித் தப்பித்தாள், அவன் விழுந்தான்.

ஊறிய பித்து அவனைக் கழுத்து வரை வாங்கிக்கொண்டது. எட்டுப் பேர் கயிறு கட்டி இழுத்தார்கள், டிராக்டரில் கட்டி இழுத்தார்கள், பித்து விடவில்லை. நான்கு மணி நேரம் அவன் கத்தினான். முதல் மணி நேரம் நாகமணியைத் திட்டினான், இரண்டாவது மணி நேரம் வெள்ளிங்கிரியை, மூன்றாவது மணி நேரம் செத்துப்போன தன் அப்பனை. நான்காவது மணி நேரத்தில் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் வெறுமனே கத்தினான். தொட்டியின் வடிகுழாயில் முதலில் டீ நிறத்தில் வந்த தண்ணீர் பிறகு செங்கல் நிறமாகி, பிறகு உறைந்த ரத்தத்தைப் போலக் கறுத்து, கெட்டியாகி, கடைசியில் தெளிந்தது. தெளிந்ததும் பித்து தானாகவே அவனை மேலே தள்ளிவிட்டது.

எழுந்து வந்தவன் தரையில் கிடந்த அரிவாளைப் பார்த்து, "யாரு இதை இங்க போட்டது? யாரு காலயாச்சும் கிழிச்சுப்போடும்," என்று எடுத்து ஓரமாக வைத்தான். பிறகு மனைவியைப் பார்த்து, "நாகு, சாப்பிட்டியா?" என்று கேட்டான். கல்யாணமாகிப் பதிமூன்று வருடத்தில் அவன் கேட்காத கேள்வி அது. வடிந்த தண்ணீரை நக்கிய களத்து நாய் மட்டும் சற்று நேரம் சும்மா நின்றுவிட்டு, தன் முன்னங்காலைத் தானே எலும்பு தெரியும் வரை கடித்துக் குதறிக்கொண்டு செத்தது.

"கோவத்தைப் பித்து எடுத்துக்கிச்சு," என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். உப்பை எடுக்கிற பொருள் கோபத்தை எடுப்பதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. மறுநாள் காலையிலேயே தொட்டியடியில் பெண்கள் வந்து நின்றார்கள்.

முதலில் வந்தவள் வெள்ளிங்கிரியின் மனைவி ருக்குமணி. அவளுக்கு இடது கண் கிடையாது. வெள்ளிங்கிரி ஒரு பொங்கலன்று கரும்பால் அடித்ததில் போய்விட்டது. அவள் நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுத் தூங்கிய புருஷனைக் கட்டிலோடு கயிற்றால் கட்டி, கட்டிலோடு தூக்கிவந்து, கட்டிலோடு தொட்டிக்குள் கவிழ்த்தாள். அவர் உள்ளே போகும்போது ஒருத்தியின் காதைக் கடித்துத் துப்பிவிட்டுத்தான் போனார். வடிகுழாயில் மாலை வரை கறுப்பாகவே வந்தது. வெளியே வந்ததும் அவர் காதுபோனவளிடம் மன்னிப்புக் கேட்டு, தன் வேட்டியைக் கிழித்துக் கட்டுப் போட்டுவிட்டு, "இத்தனை நல்ல விசயத்தை நம்ம களத்துலயே வச்சுக்கிட்டு இத்தனை நாளா வெள்ளரிக்காயி போட்டுட்டு இருந்திருக்கமே," என்றார்.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் அவரே ஒழுங்குபடுத்தினார். தொட்டிக்கு மேல் தகரக் கூரை வந்தது, இறங்கப் படி வந்தது, செவ்வாயும் வெள்ளியும் ஆள் இறங்கும் நாளாயின. ஒரு முறை இறங்கினால் நாற்பது நாள் தாங்கும். நாற்பத்தொன்றாம் நாள் காலையில் சோற்றுத் தட்டு பறக்கும். அதனால் ஒவ்வொரு வீட்டுக் காலண்டரிலும் புருஷனின் நாளைப் பெண்கள் வட்டம் போட்டு வைத்தார்கள். ஆண்கள் மாற்று வேட்டியும் துண்டுமாக வரிசையில் நின்றார்கள்.

தண்ணீர் வைப்பது மட்டும் நாகமணியின் கையில் இருந்தது. அது எவ்வளவு பெரிய காரியம் என்று ஊர் இரண்டு முறை தெரிந்துகொண்டது. ஒரு முறை அவள் காய்ச்சலில் படுத்திருக்க, அமிலமே விடாமல் போர் தண்ணீரை அப்படியே திறந்துவிட்டு ஒரு லாரி டிரைவரை இறக்கினார்கள். எட்டு பி.எச். தண்ணீரில் அவன் நாளெல்லாம் கிடந்தும் வடிகுழாயில் ஒரு சொட்டு நிறம் வரவில்லை. உள்ளே இருந்தது உள்ளேயே பூட்டிக்கொண்டது. மறுநாள் தன் அண்ணனின் மூன்று விலா எலும்பை முறித்தான், தடுக்க வந்த அண்ணியைக் கிணற்றில் தள்ளினான். அவள் பிழைக்கவில்லை. இன்னொரு முறை அவசரத்தில் யாரோ அமிலத்தைச் சொம்பால் மொண்டு ஊற்ற, தண்ணீர் நாலுக்கும் கீழே போய்விட்டது. அதில் இறங்கியவனுக்கு அவித்த கிழங்கின் தோலைப் போல உடம்பு உரிந்தது. கோபத்தோடு கூடவே பசியும் பேரும் அவனை விட்டுப் போய்விட்டன. பசுமைக்குடிலின் வாசலில் அவன் உட்கார்ந்தே இருந்தான். ஊட்டினால் தின்பான், கூப்பிட்டால் திரும்பமாட்டான். அதற்குப் பிறகு நாகமணியைத் தவிர யாரும் அமிலப் பீப்பாயைத் தொடவில்லை. அவளைப் பார்த்தால் வெள்ளிங்கிரியே எழுந்து நின்றார்.

இப்படி இரண்டு வருடம் போயிற்று. ஒடிந்த விரல்கள் ஆறிச் சேர்ந்தன. பெண்கள் வாசலில் நின்று சத்தமாகச் சிரிக்கப் பழகினார்கள். வளையல் உடையாததால் வளையல்காரர் வருவதை நிறுத்திவிட்டார். ஊருக்குள் மாதம் ஒரு முறையாவது வரும் போலீஸ் ஜீப்பை மறந்தே போனார்கள். ருக்குமணி தொட்டிக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாள், வெள்ளிதோறும் அதற்கு ஒரு மாலை வந்தது.

வடிந்த தண்ணீர் எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை. அது ஓடையில் விழுந்தது. ஓடை கிழக்கே மூன்று மைல் போய் நத்தக்காட்டைத் தொட்டது. நத்தக்காட்டுக் குடிநீர்க் கிணறு ஓடைக் கரையில் இருந்தது.

நத்தக்காடு அதுவரை பெயர் வெளியே தெரியாத ஊர். பாக்குத் தட்டு போடுகிறவர்கள், தையற்காரர்கள், ஆடு வளர்ப்பவர்கள். அந்த ஊரில் முதல் வருடம் சில்லறையாகத்தான் நடந்தது: ஒருவன் தன் ஆடுகளையெல்லாம் ஒரே மதியத்தில் வெட்டிப்போட்டான், பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் ஆண்டுவிழா மேடையில் பேசிக்கொண்டிருந்த தாசில்தாரின் விரலை ஒடித்தார். இரண்டாவது வருடம் ஒரு கல்யாணப் பந்தியில் பாயசம் ஒரு கரண்டி குறைந்ததென்று ஆரம்பித்து, மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாரைக் கொதிக்கும் சாம்பார் அண்டாவுக்குள் தள்ளினார்கள். பெண் வீட்டார் வாழைக்குலை வெட்டுகிற கத்தியை எடுத்தார்கள். தாலி கட்டி ஒரு மணி நேரம் ஆகியிருந்த பெண்ணும் மாப்பிள்ளையும் உட்பட பதினோரு பேர் இலைக்கு முன்னால் செத்தார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரிகள் ஒருத்தியை ஒருத்தி முடியைப் பிடித்துத் தெருவில் இழுத்தார்கள்.

சுள்ளிமேட்டில் அதைக் கேட்டு மிகவும் வருத்தப்பட்டார்கள். "பாவமுங்க, நல்ல சனங்க. கொஞ்சம் பொறுமை வேணுமில்ல?" என்று டீக்கடையில் ஆண்கள் மென்மையாகப் பேசிக்கொண்டார்கள். வெள்ளிங்கிரி பத்து மூட்டை அரிசியும் இரண்டு கூடை வெள்ளரிக்காயும் அனுப்பிவைத்தார்.

பரிமளம் போனில் முதலில் அழுதாள். "அக்கா, இங்க யாரு மூஞ்சியப் பாத்தாலும் பயமா இருக்குது. அவரு மட்டும் நல்லா இருக்கறாரு, அவரு போர் தண்ணி வாங்கித்தான் குடிப்பாரு, வயித்துக்கு ஆகாதுன்னு. எனக்குத்தான் என்னமோ உள்ள கொதிக்குது," என்றாள். பிறகு அழுவதை நிறுத்திவிட்டாள். அதற்கும் பிறகு போன் எடுப்பதை நிறுத்திவிட்டாள். அவள் எறும்பு போகிற வழியில் கோலம் போடாமல் நகர்ந்து போடுகிறவள். அவள் புருஷன் திருமூர்த்தி தையற்காரன். மனைவிக்கு நூல் கோர்த்துக் கொடுத்து அவள் ஊசியைப் பிடிக்கிற அழகைப் பார்த்துக்கொண்டிருப்பவன்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு, தையல் மிஷினில் குனிந்திருந்த அவன் தலையில் பரிமளம் அம்மிக்கல்லைப் போட்டாள். ஒரு முறை அல்ல. அக்கம்பக்கத்தார் வருவதற்குள் அவள் பதினான்கு முறை தூக்கிப் போட்டிருந்தாள். தலை என்று சொல்ல அங்கே எதுவும் இல்லாமல் போன பிறகும் போட்டுக்கொண்டிருந்தாள்.

நாகமணி போனபோது தங்கை முற்றத்தில் போலீஸுக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புடவை விறைத்துக் காய்ந்திருந்தது. பக்கத்துவீட்டுக்காரி தலையில் கட்டோடு நின்று சொன்னாள்: "கல்லைத் தூக்கித் தூக்கிப் போடறப்ப அவ ஒரே பேச்சையே சொல்லிட்டு இருந்தாளுங்க. அவரு ஒரு வார்த்தை பேசல, ஆனா இவ சொல்றா, 'எதுத்தா சிரிக்கற? பல்ல எண்ணிக் கையில குடுக்கறேன்டி'ன்னு. ஆம்பளையைப் பாத்து யாராச்சும் 'டி'ம்பாங்களா?"

அந்தக் குரலின் ஏற்ற இறக்கம் நாகமணிக்கு மனப்பாடம். அது எந்த வாயிலிருந்து கிளம்பியது, எந்தத் தொட்டியில் இறங்கியது, எந்தக் குழாயில் வடிந்தது, அந்தக் குழாயை யார் திறந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும். ஓடைக்கு நடந்துபோய், எப்போதும் இடுப்பில் செருகியிருக்கும் மீட்டரைத் தண்ணீரில் விட்டாள். அஞ்சு பாயிண்ட் எட்டு. அவள் காலையில் வைத்தது.

ஊருக்குத் திரும்பியதும் நேராக வெள்ளிங்கிரியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

"கேக்கவே கஷ்டமா இருக்குது அம்மணி. ஆனா நாம யாரையும் அடிக்கலயே."

"நம்ம தண்ணிங்க அது."

"ஓடைல விழுந்துட்டா அது ஓடைத் தண்ணிதானே," என்றார் புன்னகையோடு. கோபம் இல்லாத மனிதரோடு சண்டை போட அவளுக்கு வழி தெரியவில்லை. வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொன்னாள். மாகாளி, "பாவம் பரிமளம்," என்று சொல்லிவிட்டு, சோற்றில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றிக்கொண்டான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் தண்ணீர் வைக்கவில்லை. பெண்கள் திரண்டு வந்தார்கள். ருக்குமணி முன்னால் வந்தாள்.

"ஏன் நாகமணி, தொட்டி காஞ்சு கிடக்குது?"

"நீங்களே சொல்லுங்கக்கா. அங்க இருக்கறதும் பொம்பளைங்கதான, புள்ளைங்கதான?"

ருக்குமணி ஓங்கி ஒரு அறை விட்டாள். நாகமணியின் உதடு கிழிந்தது. "என்ற ஒரு கண்ணு போச்சு. இன்னொன்னு இருக்கறது இந்தத் தொட்டியால. உன்ற தங்கச்சிக்காக நாங்க எல்லாரும் மறுபடியும் உதைவாங்கிச் சாகணுமா? சொல்லு." மற்றவர்கள் அவளைக் கீழே தள்ளினார்கள், காலால் மிதித்தார்கள், முடியைப் பிடித்து அமிலப் பீப்பாய் வரைக்கும் இழுத்துப் போனார்கள். தொட்டியில் இறங்காத அவர்களிடம் கோபம் முழுசாக இருந்தது. மிதித்துக்கொண்டே அழுதார்கள். நாகமணிக்கு அவர்கள்மேல் வருத்தம் வரவில்லை. அவர்கள் கேட்டது நியாயம்தான் என்று தோன்றியது. பரிமளம் கேட்டால் அதுவும் நியாயமாகத்தான் இருக்கும். நாகமணி வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு, "வர வெள்ளிக்கிழமை வைக்கறேன். அது வரைக்கும் பொறுத்துக்கங்க," என்றாள்.

வியாழக்கிழமை பெண்கள் சிறைக்குப் போய்க் கம்பிக்கு வெளியே நின்றாள். பரிமளம் மெலிந்திருந்தாள். அங்கே வேறு தண்ணீர் என்பதால் கண் தெளிந்திருந்தது.

"அது உன்ற கோவமில்ல கண்ணு," என்றாள் நாகமணி. "உங்க மாமனோடது. தண்ணியில வந்துச்சு. நான்தான் தொறந்துவிட்டேன். ஜட்ஜுகிட்ட நான் சொல்றேன், எல்லாத்தையும் சொல்றேன்."

பரிமளம் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தாள்.

"கோவம் யாருதா வேணா இருக்கட்டுங்க்கா. கை என்னுதுதான?" என்றாள். "கல்லைக் கீழ வச்சிருக்கலாம். ரெண்டாவது தடவை தூக்கறப்ப ஒரு நிமிசம் தோணுச்சு. வைக்கல." நேரம் முடிந்ததென்று அழைத்துப்போய்விட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை நாகமணி மீட்டரைச் சரிபார்த்து, கால்சியம் நைட்ரேட் கரைத்து, அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, தண்ணீரை அஞ்சு பாயிண்ட் எட்டில் நிறுத்தினாள். எந்த நாளையும்விட அன்று அவள் கை அதிக கவனமாக இருந்தது. வரிசையில் மாகாளிதான் முதல். அது அவனுக்கு நாற்பதாவது நாள், காலையிலிருந்தே அவன் தாடை அரைத்துக்கொண்டிருந்தது. அவனுக்கு அடுத்து வெள்ளிங்கிரி நின்றார், அவருக்குப் பின்னால் பதினைந்து பேர். பெண்கள் சுற்றி நின்றார்கள்.

மாகாளி இறங்கினான். நாகமணி ஓடைக்குப் போகிற மடையைக் கல்லும் சாக்கும் வைத்து அடைத்தாள். வடிகுழாயின் வாயில் ஒரு பிளாஸ்டிக் குடத்தை வைத்தாள்.

"என்ன பண்ற?" என்றாள் ருக்குமணி.

"இனி ஓடைக்கு விடமாட்டேனுங்க. அவங்கவங்க வீட்டுத் தண்ணிய அவங்கவங்க எடுத்துட்டுப் போங்க."

"எடுத்துட்டுப் போயி?"

குடம் நிறைந்தது. செங்கல் நிறம், பிறகு கறுப்பு. நாற்பது நாள் கோபம் ஒரு குடத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தது. மிச்சத்தைச் சொம்பில் பிடித்தாள். தண்ணீர் தெளிந்ததும் பித்து மாகாளியை மேலே தள்ளியது. அவன் படியேறி வந்து, துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு, "நாகு, சாப்பிட்டியா?" என்றான்.

அவள் சொம்பைத் தூக்கி ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு குடத்தைச் சாய்த்து அதையும் குடித்தாள். பெண்கள் ஐயோ என்று பின்வாங்கினார்கள். செத்துப்போன நாயையும், அம்மிக்கல்லையும், சாம்பார் அண்டாவையும் எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

முதலில் அவள் காது சிவந்தது. பிறகு கழுத்து நரம்பு புடைத்தது. அது அவளுக்குள் ஏறியபோது, தான் பதிமூன்று வருடம் எதிரே நின்று வாங்கியதை அவள் முதல் முறையாக உள்ளே நின்று பார்த்தாள். அதில் அவள் எங்குமே இல்லை. அவள் சிரித்ததும் இல்லை, சோறு ஆறியதும் இல்லை. மூட்டையின் பாரம் இருந்தது, வெள்ளிங்கிரி எல்லார் முன்னாலும் எப்போதோ விட்ட ஒரு அறை இருந்தது, தென்னை மட்டையை வைத்துக்கொண்டு நின்ற ஒரு அப்பன் இருந்தான், அந்த அப்பனுக்குப் பின்னால் இன்னொரு அப்பன் இருந்தான். எல்லாம் சேர்ந்து அவள் தோளில் இறங்கி, முழங்கையில் இறங்கி, விரலில் வந்து நின்று, எதையாவது எடு என்றது. பித்தைக் கிளறுகிற இரும்புக் கம்பி சுவரில் சாய்ந்திருந்தது. அவள் எடுத்தாள். ஓங்கினாள். மாகாளி துண்டும் கையுமாக, கம்பியைப் பார்த்துச் சாந்தமாகச் சிரித்தபடி நின்றான். ஓடவேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

கம்பி அவன் தலைக்கு மேலே நின்றது. பல் கடித்ததில் கிழிந்த உதட்டிலிருந்து மறுபடியும் ரத்தம் வந்தது, காலுக்குக் கீழே சிமெண்டுத் தரையில் அவள் நகம் கீறியது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பசுமைக்குடிலின் சொட்டுநீர் மோட்டார் ஓடி நின்றது, மறுபடி ஓடியது. அவ்வளவு நேரம் அவள் அப்படியே நின்றாள்.

பிறகு கம்பியைக் கீழே இறக்கினாள்.

இறக்கிவிட்டு, பதினைந்து வருடத்தில் ஒரு முறைகூடத் தான் மரியாதை குறைத்துப் பேசியிராத புருஷனைப் பார்த்து, மூச்சு வாங்க வாங்க, மெதுவாகத்தான் கேட்டாள்.

"இவ்வளவுதானா? இதையா உன்னால புடிச்சு வைக்க முடியல?"

மாகாளியின் சிரிப்பு நின்றது. வரிசையில் நின்ற ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நாகமணி அடைத்த மடையின் மேலேயே உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, உள்ளே கொதிப்பதை விழுங்கி விழுங்கி உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த முறை வெள்ளிங்கிரியுடையது. அவருக்கும் அன்று நாற்பது. அவர் சட்டையைக் கழற்றிவிட்டுப் படியில் ஒரு காலை வைத்தார். ருக்குமணி குடத்தை எடுத்தாள், கையில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கண்ணால் அதன் அடிவரை பார்த்தாள், பிறகு அதைக் கவிழ்த்து வைத்தாள்.

"மேல ஏறுங்க," என்றாள்.

"என்ன ருக்கு, நேரமாச்சு. நாளைக்கு எனக்கு..." அவர் குரலில் லேசாக ஏதோ அரைபட்டது.

"ஆகட்டும். சட்டையப் போடுங்க. வீட்டுக்கு நடங்க." அவள் குனிந்து இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டாள். "இன்னியிலிருந்து உங்களுத நீங்களே வச்சுக்கங்க. வச்சுக்க முடியுதா இல்லையான்னு நான் பக்கத்துலயே நின்னு பாக்கறேன்."

அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். அவள் கம்பியோடு பின்னால் நடந்தாள். ஒவ்வொருத்தியாகத் தன் புருஷனின் துண்டை எடுத்துக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு கிளம்ப, நண்பகலுக்குள் தொட்டியடியில் நாகமணியையும் மாகாளியையும் தவிர யாரும் இல்லை.